மாயா பஜார் (1957), தமிழ்ப் பதிப்பு: பாதி மாயம் கேமராவில், மீதி சாவித்திரியின் தோளில்

காதலும் மாயமும் கலந்த தமிழ்ப் படம் எது பார்க்கலாம் என்று கேட்டால், புதுப் படங்களின் பட்டியலைத் திறப்பதற்கு முன் 'மாயா பஜார்' என்று சொல்லிவிட வேண்டும். பழைய படம் என்ற மரியாதைக்காகச் சொல்வதில்லை. இந்த வகைப் படம் எடுக்கிறவர்கள் இன்றைக்கும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. மாயம் ஒரு பக்கம் நிற்கும், காதல் ஒரு பக்கம் நிற்கும், நடுவில் பாட்டு வந்து இரண்டையும் ஒட்டவைக்கப் பார்க்கும். இந்தப் படத்தில் அந்தப் பிளவே கிடையாது. ஒவ்வொரு மாயமும் யாரோ ஒருவருடைய ஆசையிலிருந்தோ ஆத்திரத்திலிருந்தோ கிளம்புகிறது. அதை முடித்துவைப்பது நடிகரின் உடம்பு. கேமரா செய்வது பாதி வேலைதான்.

'கல்யாண சமையல் சாதம்' பாட்டு தெரியாத தமிழர் அபூர்வம். ஆனால் அந்தப் பாட்டை மட்டும் பார்த்துவிட்டு, படம் முழுக்க இப்படிக் குழந்தைகளுக்கான வேடிக்கைதான் போலிருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய. கதையின் முதுகெலும்பு அதுவல்ல. பலராமன் மகள் வத்சலாவும் சுபத்திரை மகன் அபிமன்யுவும் மாமன் மகள், அத்தை மகன். சின்ன வயதிலேயே பேசி முடித்த சம்பந்தம். சூதாட்டத்தில் பாண்டவர்கள் நாட்டை இழந்ததும் பெண் வீட்டின் பேச்சு மாறுகிறது. நேற்றுவரை மருமகன் என்று கொண்டாடிய பையன் இன்று வாசலில் நிற்கத் தகுதியில்லாதவன் ஆகிறான். துரியோதனன் மகன் லக்ஷ்மண குமாரனுக்கு வத்சலாவைக் கொடுப்பது என்று நிச்சயமாகிறது. சொத்து போனதால் முறைமாப்பிள்ளையைக் கைகழுவும் இந்தக் கதைக்கு விளக்கவுரை எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் தேவையில்லை. பாரதக் கதை என்று பெயர், ஆனால் பாண்டவர் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் தலைகாட்டுவதில்லை. போர், சபதம் எல்லாவற்றையும் வெளியே நிறுத்திவிட்டு, ஒரு கல்யாணத்துக்குள் மொத்தப் பகையையும் அடக்கிய திரைக்கதை இது. இந்தத் துணிச்சலை எத்தனை பாராட்டினாலும் தகும்.

விஜயா புரொடக்ஷன்ஸ் தயாரிப்பு. நாகி ரெட்டி, சக்ரபாணி இருவரும் தயாரிப்பாளர்கள், இயக்கம் கே.வி.ரெட்டி. வடபழனி ஆற்காடு சாலையில் இருந்த விஜயா வாஹினி ஸ்டூடியோவில், தெலுங்கிலும் தமிழிலும் சேர்த்தே எடுத்தார்கள். ஒரே செட், ஒரே ஒளியமைப்பு, நடிகர்களில் சிலர் மட்டும் மாறுவார்கள். கண்ணனாக என்.டி.ராமராவ், வத்சலாவாகச் சாவித்திரி, பீமனின் ராட்சச மகன் கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவ் இரண்டு மொழியிலும் உண்டு. தமிழில் அபிமன்யு ஜெமினி கணேசன், சகுனி எம்.என்.நம்பியார், லக்ஷ்மண குமாரன் கே.ஏ.தங்கவேலு, பலராமன் டி.பாலசுப்பிரமணியம். தமிழ் வசனமும் பாடல்களும் தஞ்சை ராமையாதாஸ். ஆகவே இதை மொழிமாற்றுப் படம் என்று ஒதுக்குவது தவறு. தங்கவேலுவும் நம்பியாரும் வரும் காட்சிகள் தமிழுக்கென்றே தனியாக நடித்து எடுக்கப்பட்டவை, நகைச்சுவையின் தாளமும் தமிழுக்கு உரியது.

இப்படி இரு மொழியில் எடுப்பதில் உள்ள செலவுக் கணக்கையும் தெரிந்துகொண்டு பார்த்தால் படத்தின் ஒழுங்கு இன்னும் நன்றாகப் புரியும். 35 எம்எம் படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மூன்று மணி நேரப் படம் என்றால் முடிந்த படம் மட்டுமே 16,000 அடிக்கு மேல். அதையே இரண்டு மொழிக்கு எடுக்க வேண்டும், அதற்கு மேல் வீணாகும் டேக்குகள். கே.வி.ரெட்டி ஒத்திகையின்போதே ஸ்டாப்வாட்ச் வைத்துக் காட்சியின் நீளத்தைக் கணக்கிடுவார் என்பது அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்லும் செய்தி. அதன் பலன் திரையில் தெரிகிறது. வசனம் முடிந்த பிறகும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஷாட் இந்தப் படத்தில் குறைவு. அவரிடம் உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் சிங்கீதம் சீனிவாசராவ். பின்னாளில் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் தந்திரக் காட்சியைக் கதாபாத்திரத்தின் வலிக்குள் கரைத்துக் காட்டியவர் அவர்தான். அந்தப் பள்ளிக்கூடம் இங்கேதான் இருந்தது.

இனி மாயங்கள். முதலில் அந்தப் பெட்டி. திறந்து பார்ப்பவருக்கு எது மிகவும் பிரியமோ அது மூடியின் உட்புறத்தில் உருவமாகத் தெரியும். வத்சலா திறந்தால் அபிமன்யு தெரிகிறான். பலராமன் பார்த்தால், தான் கதாயுதம் பயிற்றுவித்த சீடன் துரியோதனன். கண்ணன் பார்க்கும்போது தெரிவது சகுனி. ஒரே ஒரு சாமானை வைத்துக் கதையின் மொத்த உறவுகளையும் சில நிமிடங்களில் அடுக்கிவிடுகிறார்கள். யார் யாரிடம் ஏமாறப் போகிறார்கள், கண்ணன் எதை ஒவ்வொரு நொடியும் எண்ணிக்கொண்டிருக்கிறான் என்பதெல்லாம் வசனம் இல்லாமல் சொல்லியாகிவிட்டது. மாயக் கதைக்குச் சட்டம் போடுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு இந்தக் காட்சியைக் காட்டலாம். பெட்டி என்ன செய்யும் என்று ஒரு முறை சொல்கிறார்கள், அதற்குப் பிறகு அந்த விதியை மீறுவதே இல்லை.

அந்தக் கால ஸ்டூடியோவில் இப்படி ஒரு உருவத்துக்குள் இன்னொரு உருவத்தைக் காட்ட இரண்டு வழிகள் கைவசம் இருந்தன. ஒன்று, மூடியின் உட்புறத்தைக் கறுப்பு வெல்வெட்டால் மறைத்து முதலில் நடிகையை எடுப்பது. கறுப்பு இருந்த இடத்தில் ஃபிலிம் ஒளி படாமல் அப்படியே இருக்கும். பிறகு ஃபிலிமைத் திருப்பிச் சுற்றி, ஃபிரேம் எண்ணைப் பார்த்து அதே இடத்தில் நிறுத்தி, மற்ற இடமெல்லாம் கறுப்பாக வைத்துப் பெட்டிக்குள் தெரிய வேண்டியவரை மட்டும் எடுப்பது. சுற்றுவதில் சில ஃபிரேம் பிசகினாலும் இவர் பார்க்கும்போது அவர் சிரிக்கமாட்டார். ஃபிலிமைப் பிடிக்கும் ஊசிகள் தளர்ந்திருந்தால் உள்ளே இருக்கும் உருவம் தண்ணீரில் மிதப்பதுபோல் ஆடும். இன்னொரு வழி, முன்பே எடுத்த காட்சியை மூடியின் பின்னாலிருந்து சின்னத் திரையில் ஒளிபாய்ச்சி, இரண்டையும் ஒன்றாகப் படமெடுப்பது. இதில் புரொஜெக்டரின் ஷட்டரும் கேமராவின் ஷட்டரும் ஒன்றாகத் திறந்து மூட வேண்டும், இல்லையென்றால் உருவம் மினுக்கும். ஓரங்கள் மங்கி நடு மட்டும் பளிச்சென்று தெரியும் குறையும் உண்டு. இரண்டு வழிக்கும் பொதுவான நிபந்தனை, உருவம் தெரியும் நேரம் முழுக்கப் பெட்டியும் அசையக் கூடாது, கேமராவும் அசையக் கூடாது. சட்டகம் உறைந்து நிற்கிறதே என்று நமக்குத் தோன்ற வேண்டும். தோன்றுவதில்லை. காரணம், சாவித்திரியின் கண். அது பெட்டிக்குள் ஓடி ஓடித் தேடுகிறது, வெட்கப்பட்டு விலகுகிறது, மறுபடி போகிறது. அசைவு எல்லாம் அந்தக் கண்ணில் இருப்பதால் சட்டகத்தின் அசையாமையை யாரும் கவனிப்பதில்லை.

விருந்துக் காட்சிக்கு வருவோம். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சமைத்து வைத்த பண்டங்களுக்கு முன்னால் கடோத்கஜன் உட்கார்கிறான். திருச்சி லோகநாதனின் குரல், ரங்காராவின் வயிற்றிலிருந்து கிளம்பும் சிரிப்பு. தட்டுகள் நகர்கின்றன, லட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வாய்க்குள் பாய்கின்றன, ஆள் பூதாகாரமாக வளர்கிறான். கணினி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன் இதற்கு இருந்த கருவிகள் நான்கைந்துதான்: நிறுத்தி எடுத்தல், பின்னோக்கி எடுத்தல், கண்ணுக்குத் தெரியாத கம்பி, மறைத்து எடுத்தல், அளவு மாற்றிய பொருள்கள்.

நிறுத்தி எடுப்பதில் கேமராவைத் தரையோடு இறுக்கிவிட்டு ஓட்டுவார்கள். வேண்டிய இடத்தில் நடிகர் சிலைபோல் நிற்க, கேமராவை நிறுத்தி, தட்டில் இருப்பதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். திரையில் பண்டம் சட்டென்று மறையும். சொல்வதற்கு எளிது, கெடுவதற்கு நூறு வழி. கேமரா மறுபடி வேகம் பிடிக்கும் வரை முதல் சில ஃபிரேம்களில் ஒளி கூடுதலாக விழுந்து வெளுத்துப்போகும், அவற்றை வெட்டி எறிய வேண்டும். வெட்டினால் நடிகரின் கை ஒரு விரற்கடை தாண்டி நிற்கும். அங்கவஸ்திரத்தின் மடிப்பு மாறியிருக்கும். ரங்காராவ் இதை எப்படிச் சமாளிக்கிறார் என்று பாருங்கள். கை தட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலும் முகம் பெரிதாக ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறது, புருவம் ஏறுகிறது, கன்னம் உப்புகிறது. நம் கண் முகத்துக்குப் போய்விடுகிறது. கை குதித்ததா இல்லையா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

பாயும் லட்டு போன்ற ஷாட்டுக்குப் பின்னோக்கி எடுப்பது அந்நாளைய வழக்கமான உத்தி. வாயிலிருந்து விழுவதை எடுத்து, ஃபிலிமைத் தலைகீழாக ஓட்டினால் வாய்க்குள் பாய்வதாகத் தெரியும். மெல்லுவது முன்னோக்கிப் பார்த்தாலும் பின்னோக்கிப் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருப்பதால் முகம் காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுப்பவை தொங்கும் துணி, எழும் புகை, உதிரும் தூள். ஆகவே அவை இல்லாமல் சட்டகத்தை அமைக்க வேண்டும். இன்னொரு சிக்கல் பாட்டு. உதட்டில் வரி ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னோக்கி எடுக்க வழியில்லை, உதட்டசைவு கெட்டுவிடும். அதனால் இத்தகைய ஷாட்டுக்கு வாய்த்த இடம் இசைத் துணுக்கும் சிரிப்பும்தான். இந்தப் பாட்டின் நடுவே நீளநீளமாக வரும் சிரிப்பைக் கேட்கும்போது அது வெறும் குணச்சித்திரம் என்று விட்டுவிடாதீர்கள். தந்திரத்துக்குக் கதவு திறந்துவிடுவதும் அதே சிரிப்புதான்.

தூரத்திலிருந்து தெரியும் துவாரகை நகரம் ஒரு மினியேச்சர். ஏறத்தாழ 50 அடிக்கு 60 அடி இடத்தில் 300 வீடுகளைச் சிறிய அளவில் செய்து, அவற்றுக்கு விளக்கும் பொருத்தி எடுத்தார்கள். கலை இயக்குநர்கள் கோகலே, கலாதர் இருவரின் வரைதலில் உருவானது. மினியேச்சரில் எங்கே தவறும் என்றால் முதலில் கூர்மை. முன்னால் இருக்கும் வீடு தெளிவாகவும் பின்னால் இருப்பது மசங்கலாகவும் தெரிந்தால் பொம்மை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். எல்லாம் தெளிவாக விழ லென்ஸின் துளையைச் சிறிதாக்க வேண்டும், துளை சிறிதானால் வெளிச்சத்தைக் கொட்ட வேண்டும். அடுத்தது தண்ணீரும் நெருப்பும். பதினாறில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரியில் தண்ணீர் பெரிய கடல்போல் அசைய வேண்டும் என்றால் கேமராவை நான்கு மடங்கு வேகத்தில், நொடிக்கு 96 ஃபிரேமில் ஓட்ட வேண்டும். அப்போதும் துளியின் அளவு காட்டிக்கொடுக்கும். துவாரகைக் காட்சியை அளவோடு நிறுத்தி உடனே மாளிகைக்குள் போய்விடும் படத்தொகுப்பின் விவேகம் பாராட்டத்தக்கது. அழகாக இருக்கிறதே என்று இன்னும் பத்து நொடி வைத்திருந்தால் மாயம் கலைந்திருக்கும்.

ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியின் பெயர் இந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் தந்திரக் காட்சிகளைவிட நிலா வெளிச்சம். 'ஆஹா இன்ப நிலாவினிலே' பாட்டில் படகும் தண்ணீரும் முகங்களும் கறுப்பு வெள்ளைக்குள் மிதக்கின்றன. உண்மையான நிலா வெளிச்சம் அன்றைய ஃபிலிமுக்குப் போதாது. ஸ்டூடியோ விளக்கிலோ, பகல் வெளிச்சத்தை அடக்கியோதான் இரவு செய்ய வேண்டும். பகலில் எடுத்தால் சிவப்பு ஃபில்டர் போட்டு நீல வானத்தைக் கறுப்பாக்கலாம், ஆனால் அதே ஃபில்டர் உதட்டையும் கன்னத்தையும் வெளுக்கச் செய்து முகத்தைச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆக்கிவிடும். விளக்கில் எடுத்தால் நிலா ஒன்று, நிழல் மூன்று என்று ஆகிவிடும். இந்தப் பாட்டில் ஒளி தலைக்குப் பின்னாலிருந்து வந்து கூந்தலின் ஓரத்தையும் தோளையும் தொடுகிறது. முகம் அதைவிட ஒரு படி மங்கல், ஆனால் கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம் எப்போதும் உண்டு. தண்ணீரில் நொறுங்கிக் கிடக்கும் வெளிச்சம்தான் நமக்கு 'இது இரவு' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. கண்டசாலா, பி.லீலா குரல்கள் அந்த ஒளியின் அளவுக்கே தணிந்து பாடுகின்றன.

அந்தப் படகில் இளம் ஜோடி மட்டும் போவதில்லை என்பது இந்தப் பாட்டின் பெரிய அழகு. கண்ணனும் ருக்மிணியும் போகிறார்கள், பலராமனும் ரேவதியும் போகிறார்கள். ஒரே நிலா, மூன்று வெவ்வேறு வயதுகளில் காதல். பின்னால் இந்தச் சம்பந்தத்தை முறிக்கப்போகிற அப்பாவும் அம்மாவும் இதே தண்ணீரில் இதே மெட்டுக்கு இளகியவர்கள்தான் என்று படம் முன்கூட்டியே பதியவைத்துவிடுகிறது. அதனால்தான் அவர்கள் மனம் மாறும்போது வில்லனைப் பார்க்கும் கோபம் வருவதில்லை, சொந்தக்காரர்களைப் பார்க்கும் வருத்தம் வருகிறது. மெட்டுகள் சிலவற்றை எஸ்.ராஜேஸ்வரராவ் போட்டுவிட்டு விலக, மீதியையும் இசைக்கோர்வையையும் கண்டசாலா முடித்தார். இரண்டு கை பட்டது காதில் விழாத அளவுக்கு ஒரே குணம் இருக்கிறது.

இப்போது சாவித்திரி. கடோத்கஜன் உறங்கும் வத்சலாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் சேர்த்துவிட்டு, அவள் உருவத்தில் துவாரகைக்கு வந்து உட்கார்கிறான். படத்தின் இரண்டாவது பாதி முழுக்கச் சாவித்திரி நடிப்பது பெண்ணுருவில் இருக்கும் ராட்சசனை. ஒப்பனை அதே, புடவை அதே, நகை அதே. மாறுவது தோள். வத்சலாவாக இருக்கும்போது தோள் உள்வாங்கி, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கடோத்கஜன் உள்ளே இருக்கும்போது தோள் இரண்டும் அகன்று, நெஞ்சு முன்னே வந்து, தாடை நிமிர்ந்துவிடும். நடை எட்டிப் போடும் நடையாகும். யாராவது உள்ளே வரும் சத்தம் கேட்டதும் எல்லாம் ஒரு நொடியில் மடங்கி மறுபடி நாணம். இந்த மாற்றத்தைப் பல இடங்களில் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் செய்கிறார். நிறுத்தி எடுத்தலும் இல்லை, கம்பியும் இல்லை. இந்தப் படத்தின் ஆகச் சிறந்த தந்திரக் காட்சி இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இது பலிப்பதற்கு ரங்காராவ் போட்ட அடித்தளம் காரணம். காட்டில் அறிமுகமாகும் காட்சியிலிருந்தே அவர் கடோத்கஜனுக்கு நான்கு தெளிவான அடையாளங்களைக் கொடுத்துவிடுகிறார்: அகன்ற மார்பு, நீண்ட எட்டு, வயிற்றுச் சிரிப்பு, மேலிருந்து கீழே பார்க்கும் கண். அதை நன்றாகப் பதியவைத்த பிறகுதான் சாவித்திரி அதை எடுத்துக்கொள்கிறார். ஆள்மாறாட்டக் கதை எடுப்பவர்கள் இங்கே நின்று பார்க்க வேண்டும். மூல ஆளுக்கு அடையாளம் கலங்கலாக இருந்தால், நகலெடுக்கும் நடிகர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் பார்ப்பவருக்கு யார் உள்ளே இருப்பது என்று பிடிபடாது.

மணமேடையில் இது உச்சத்துக்குப் போகிறது. மாப்பிள்ளை லக்ஷ்மண குமாரனின் காலை மணப்பெண் மிதிக்கிறாள், கையை நொறுக்குவதுபோல் பிடிக்கிறாள். பயங்கர உருவம் அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது, மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும்போது குனிந்த தலையோடு ஒரு நல்ல பெண் உட்கார்ந்திருக்கிறாள். இங்கே தொழில்நுட்பம் மிகக் குறைவு. தங்கவேலுவின் முகம், ஒரு வெட்டு, உருவம், மறுபடி வெட்டு, தங்கவேலுவின் முகம். அவர் அலறுவதற்கு முன் ஒரு கணம் வாய் திறந்து சத்தம் வராமல் தவிக்கிறார் பாருங்கள், சிரிப்பு அங்கேதான் வெடிக்கிறது. மாப்பிள்ளை முறுக்கு முழுசும் இறங்கும் இடம். நம்பியாரின் சகுனி இந்தக் கூச்சலுக்கு நடுவே குரலை உயர்த்தாமல் கண்ணால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். சத்தமில்லாத அந்த வில்லத்தனம் இல்லாவிட்டால் மணமேடைக் காட்சி வெறும் கூத்தாகப் போயிருக்கும்.

குறைகளும் உண்டு. கௌரவர் கூட்டம் கடோத்கஜன் உருவாக்கிய மாய நகரத்துக்குள் வந்து சேர்ந்த பிறகு விரிப்பு, கட்டில் என்று ஆளை ஆட்டிவைக்கும் சாமான்களின் வேடிக்கை ஒரே மாதிரி திரும்புகிறது. முதல் தடவை சிரிப்பு வரும், மூன்றாவது தடவை கதை எங்கே என்று கேட்கத் தோன்றும். நிஜ வத்சலாவும் அபிமன்யுவும் கடோத்கஜனின் இருப்பிடத்தில் பத்திரமாகச் சேர்ந்துவிட்டதால், இரண்டாம் பாதியில் காதலர்களுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஜெமினி கணேசனுக்கு முதல் பாதியில் கிடைத்த இடம் பிறகு சுருங்கிப்போகிறது. காட்டில் கடோத்கஜனோடு மோதும் காட்சிதான் அவருடைய கடைசி வலுவான காட்சி என்றுகூடச் சொல்லலாம். கண்ணனுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பதால் 'என்ன ஆகுமோ' என்ற பதைப்பும் இல்லை. 'எப்படிச் செய்யப்போகிறான்' என்ற ருசியை வைத்து அதை ஈடுகட்டுகிறார்கள், பெரும்பாலும் வெற்றியும் பெறுகிறார்கள். ராமராவின் அளவான புன்னகை இதற்குப் பெரிய துணை.

எந்தப் பிரதியைப் பார்ப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2010-இல் வண்ணமேற்றி வெளியிடப்பட்டது தெலுங்குப் பதிப்பு, அதுவும் நீளம் குறைக்கப்பட்டது. வண்ணத்தில் கிடைக்கிறதே என்று அதை எடுத்தால் தங்கவேலுவும் நம்பியாரும் ஜெமினியும் இருக்கமாட்டார்கள், பார்ட்லியின் நிலாவும் இருக்காது. பார்ட்லி ஒளியைக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே அளந்து வைத்திருக்கிறார். அதன்மேல் நீலத்தைப் பூசினால் அந்த அளவு அடிபடும். தமிழ்ப் பதிப்பு, கறுப்பு வெள்ளை, இதைத் தேடுங்கள்.

தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து எடுத்த பிரதியா என்று அறிய ஒரு வழி குரல். படம் நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்தது, நம் ஊர்த் தொலைக்காட்சி 25-இல் ஓட்டும். நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடும், மூன்று மணி நேரப் படத்தில் ஏழு நிமிடம் காணாமல் போகும், குரலும் சுருதி ஏறி மெலியும். கண்டசாலாவின் குரல் கனமில்லாமல் ஒலித்தால் அந்தப் பிரதியை விட்டுவிட்டு வேறு தேடுங்கள். அடுத்து சட்டகம். உயரத்தைவிட அகலம் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் அதிகம் இருக்க வேண்டும். அகலத் திரையை நிரப்ப இழுத்திருந்தால் முகங்கள் சப்பையாகும். மேலும் கீழும் வெட்டியிருந்தால் கண்ணனின் கிரீடம் பாதி போயிருக்கும், விருந்துக் காட்சியில் கீழே நகரும் தட்டுகளும் போய்விடும்.

வீட்டு டிவியில் பார்ப்பவர்கள் படம் போடும் முன் மூன்றை மாற்றிக்கொள்ளுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அது இரண்டு ஃபிரேமுக்கு நடுவே தானே ஒரு ஃபிரேமைச் செய்து செருகும், நிறுத்தி எடுத்த இடங்களில் பண்டம் மறைவதற்குப் பதில் உருகி வழிவதுபோல் தெரியும். ஷார்ப்னஸை அடியோடு குறையுங்கள், அது கூடியிருந்தால் மறைத்து எடுத்த உருவங்களைச் சுற்றிக் கோடு விழும். புள்ளிகளை நீக்கும் வசதியையும் அணையுங்கள், ஃபிலிமின் மணிகளோடு சேர்த்துத் தண்ணீரின் மினுமினுப்பையும் அது துடைத்துவிடும். இதையெல்லாம் சரிபார்க்க நிலாப் பாட்டை ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தால் போதும். கறுப்பு கறுப்பாகவும், கண்ணின் வெளிச்சப் புள்ளி தனியாகவும் தெரிய வேண்டும்.

திரையரங்கில் சிறப்புக் காட்சியாக எங்காவது போட்டால் தவறவிடாதீர்கள். வாஹினி ஸ்டூடியோ வளாகத்தின் நிலத்தில் இன்று மருத்துவமனையும் மாலும் நிற்கின்றன, அந்த மாலுக்குள்ளேயே திரையரங்குகள் இருக்கின்றன. இந்தப் படத்தை அங்கே, ஆற்காடு சாலையிலேயே, ஒரு நல்ல தமிழ்ப் பிரதியாகப் பெரிய திரையில் போட வேண்டும் என்பது நியாயமான ஆசை. போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்றைய அகலத் திரையில் இந்தச் சட்டகம் நடுவில்தான் விழும். பக்கவாட்டில் கறுப்புத் துணியை இழுத்து மறைக்காவிட்டால் வெறும் திரை சாம்பல் நிறத்தில் பளபளத்து, இரவுக் காட்சிகளின் கறுப்பைக் கெடுத்துவிடும்.

குழந்தைகளோடு பார்ப்பதென்றால் ஒரே மூச்சில் வேண்டாம். காட்டில் கடோத்கஜனும் அபிமன்யுவும் மோதி, உறவு தெரிந்து தழுவிக்கொள்ளும் வரை முதல் நாள். கட்டில் பறப்பதிலிருந்து இரண்டாம் நாள். சமையல் பாட்டும் மணமேடையும் இரண்டாம் நாளில்தான் வருகின்றன. அதனால் மறுநாள் டிவியைப் போடச் சொல்லி அவர்களே வந்து நிற்பார்கள்.